சுவாதீனத்தில் இருந்த டேட்டாபேஸ்

1

இங்கே மெல்பர்னில் என் ஒப்பந்த வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் புத்தி பேதலித்து நிற்கும் என்று பயந்து எங்களைப் போன்றவர்களை அள்ளிச் சேர்த்தார்கள். வேலை முடிந்துவிட்டது, இனி நாங்கள் தேவையில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்னொரு இடம் கிடைக்கும். என்னைக் கடுப்பேற்றியது வேறு.

என் மேலாளர் ஹெலன் அலுவலகச் சமையலறையில் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "உனக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் இல்லையா? என்னென்ன செய்தாய் என்று நீயே எழுதிக்கொண்டு வா. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். அவ்வளவுதான். கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஹெலன் மேல் அல்ல. ஊரில் இதே போன்ற ஒரு கடிதத்துக்காக நான் நிரந்தர வேலையை விட்டேன். பூந்தமல்லி கோர்ட் வாசலில் வெயிலில் நின்றேன். கம்பெனிச் சொத்தை அமுக்கிக்கொண்டவள் என்ற பழியையும் வாங்கினேன். இங்கே அது ஒரு கோப்பை கழுவுகிற நேரத்தில் கிடைக்கிறது.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பெயர், பதவி, எப்போதிலிருந்து எப்போது வரை. அதற்கு அடுத்த வரியாக என் விரல் தானாக இங்கிலீஷில் அடித்தது: "இவருடைய குணமும் நடத்தையும் நன்று." அதற்கு மேல் ஓடவில்லை.

என் மகள் பிரீத்தி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பதினொரு வயது. ஊரிலிருந்து கிளம்பியபோது அவளுக்கு ஏழு. இப்போது நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். மனசு வந்தால் தமிழ்.

"அம்மா, இதுல உன் வேலை எங்க?"

"வரும், இரு."

"கண்டக்ட் இஸ் குட்னா என்ன? குட் பிஹேவியரா? நீ என்ன ஸ்கூல் கேர்ளா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு வரியோடு நான் பட்ட பாட்டை அவளிடம் இங்கிலீஷில் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் கிளார்க்காகச் சேர்ந்தேன். அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரர். பெண் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்தால் எங்கேயாவது ஒதுங்கிவிடுவாள் என்பது அந்தக் குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் இருந்த நம்பிக்கை. நானும் ஒதுங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு அறை கட்டி, ஏசி வைத்து, கண்ணாடிக் கதவு போட்டு, வாசலில் "காலணிகளை வெளியே விடவும்" என்று எழுதி மாட்டினார்கள். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். யார் அதன் முன்னால் உட்காருவது என்ற கேள்வி வந்தது. மேனேஜர் வரதன் சார் சுற்றிலும் பார்த்தார். கீ போர்டு என்றால் டைப்ரைட்டர் மாதிரிதானே என்பது அவர் கணக்கு.

"உனக்குத்தான் டைப்பிங் தெரியுமே ஸ்டெல்லா, நீயே உட்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். விற்ற கம்பெனிக்காரர்கள் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். மீதியை, அவர்கள் விட்டுப்போன தடித்த புத்தகங்களைப் படித்து நானே கற்றுக்கொண்டேன். ஸ்டோர்ஸ் சரக்கு, சம்பளம், பிராவிடண்ட் ஃபண்ட் எல்லாம் டேட்டாபேஸுக்குள் போயிற்று. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று பாஸ்வேர்டு கொடுப்பது நான். தினமும் டேப்பில் நகல் எடுப்பது நான். கரண்ட் போய்க் கரண்ட் வந்து எல்லாம் குழம்பிக் கிடந்தால் அந்த டேப்பிலிருந்து மீட்டுக் கொண்டுவருவதும் நான். உலகத்தில் இதற்கு டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர். எங்கள் கம்பெனியில் இதற்குப் பெயர் டைப்பிஸ்ட் கிளார்க்.

பதவிப் பெயரை மாற்றினால் கிரேடு மாறும். கிரேடு மாறினால் யூனியன் வந்து நிற்கும், "அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கும். அதனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த எட்டு வருடமும் நான் டைப்பிஸ்ட் கிளார்க். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏசி அறை இருந்தது, சம்பளம் வந்தது.

இங்கே வந்து முதல் வேலையில் சர்வர் அறை வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். ஒரு பையன் காலுக்கு ஏதாவது அடிபட்டதா என்று கேட்டான்.

3

வெளிநாடு என்ற பேச்சு டேனியலால் வந்தது. என் கணவர். அவர் லேத் ஓட்டிய தொழிற்சாலை கதவடைப்பு செய்து மாதக்கணக்காகியிருந்தது. முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டின் தவணை, பிரீத்தியின் பள்ளிக்கூடம் எல்லாம் என் சம்பளத்தில் நின்றன. எங்கள் சர்ச் சபையில் யாரோ, கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை ஆஸ்திரேலியாவுக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். டேனியலின் லேத்துக்கு அங்கே வழி தெரியவில்லை. என் டேட்டாபேஸுக்கு இருந்தது. விசா மனுவில் நான்தான் முதல் ஆள், அவர் என்னைச் சார்ந்தவர். அதை அவர் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

விசாவுக்கு முன்னால் திறன் மதிப்பீடு என்று ஒரு படி. நாம் சொல்லுகிற வேலைதான் நாம் செய்தோமா என்று அந்த நாட்டுத் தொழில் அமைப்பு ஒன்று ஆராய்ந்து சொல்லும். அதற்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: நான் செய்த வேலைகளை விவரமாக எழுதி, மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதம், கம்பெனித் தாளில்.

வரதன் சாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பேனாவைத் திறப்பதென்றால் அவருக்கு நடுக்கம்.

"இதெல்லாம் வழக்கமில்லையேம்மா. சர்வீஸ் சர்டிபிகேட் வேலையை விட்டுப் போறவங்களுக்குத்தான்."

"இந்தக் கடிதம் இருந்தாத்தான் சார் போகவே முடியும்."

"போனாத்தானம்மா கடிதம்."

இதைச் சொல்லிவிட்டு அவர் டீ குடித்தார். பர்சனல் டிபார்ட்மென்டில் கேட்டேன், அதே பதில். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வட்டம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் டேனியலும் பேசி முடிவெடுத்தோம். ராஜினாமா கொடுத்தேன். வீட்டில் வந்துகொண்டிருந்த ஒரே சம்பளத்தை ஒரு காகிதத்துக்காக நிறுத்தினேன். நோட்டீஸ் காலம் முடிந்த அன்று கழுத்தில் மாலை போட்டு, பூந்தியும் மிக்சரும் கொடுத்து, கவரில் சர்டிபிகேட்டையும் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் பிரித்துப் படித்தேன்.

திருமதி ஸ்டெல்லா எங்கள் நிறுவனத்தில் டைப்பிஸ்ட் கிளார்க்காகப் பணியாற்றினார். இவருடைய குணமும் நடத்தையும் நன்று. இவருக்கு எங்கள் வாழ்த்துகள்.

அவ்வளவுதான். கம்ப்யூட்டர் என்ற சொல்லே அதில் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்து வைத்திருக்கிற தாள், பெயர் மட்டும்தான் மாறும். கேன்டீன் மாஸ்டர் ரிட்டயர் ஆனபோதும் இதைத்தான் கொடுத்தார்கள், டைப் அடித்தவள் நான்தான்.

மறுநாள் காலையில் திரும்பிப் போய் நின்றேன். "இப்பத்தான் விட்டுட்டேனே சார், இப்ப எழுதலாமே" என்றேன். வரதன் சார் குரலைத் தாழ்த்தினார். "டைப்பிஸ்ட் கிளார்க் ஒருத்தி எட்டு வருஷம் ஆபீசர் வேலை பார்த்தான்னு நானே எழுதிக் கொடுத்தா, இருக்கிற டைப்பிஸ்ட் எல்லாம் நாளைக்குக் கிரேடு கேப்பாங்க. என் பென்ஷன் போயிடும்மா."

சபைப் போதகரிடமும் கேட்டுப் பார்த்தேன். மனமுவந்து எழுதிக் கொடுத்தார். என் நடத்தை நன்றென்று.

4

மதிப்பீட்டு அமைப்பின் குறிப்புகளை மறுபடி படித்தபோது ஒரு வழி தெரிந்தது. முதலாளி கடிதம் தர மறுத்தால், கூட வேலை பார்த்தவர் ஒருவர் சத்தியப் பிரமாணம் செய்து எழுதிக் கொடுக்கலாம். எனக்கு ஞாபகம் வந்த பெயர் ஏகாம்பரம். எங்கள் கம்ப்யூட்டர் அறை ஆபரேட்டர், கரையான்சாவடிக்காரர். எட்டு வருடமும் என் பக்கத்து நாற்காலி.

"நீங்க செஞ்சத செஞ்சீங்கன்னு சொல்றதுக்கு இன்னா மேடம் பயம்? நம்ப ஊட்டாண்டதான் கோர்ட்டு கீது, வாங்க" என்றார்.

வேலையில் இருக்கிறவர் அவர். மேனேஜர் எழுத மாட்டேன் என்றதை எழுதிக் கொடுத்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே வந்தார்.

பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் வரிசையாக டைப்ரைட்டர்கள். நோட்டரியின் ஆஸ்தான டைப்பிஸ்ட் ஒருவரிடம் போய் நின்றோம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இன்னாம்மா, நெலமா, ஊடா?"

"ரெண்டும் இல்லைங்க. டேட்டாபேஸ்."

"அப்டீன்னா? அசையும் சொத்தா, அசையா சொத்தா?"

நான் விளக்க வாயெடுப்பதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "ரூமுக்குள்ள கீதுபா. அசையாது."

டைப்பிஸ்டுக்கு அது போதுமாக இருந்தது. முத்திரைத்தாளைச் செருகினார். "நாலு பக்கமும் எல்லை சொல்லு."

"கெயக்கால ஸ்டோர்ஸு, மேக்கால டைம் ஆபீஸு, தெக்கால காம்பவுண்டு சொவுரு" என்று ஏகாம்பரம் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு, இது வேலை அனுபவத்துக்கான சாட்சி, சொத்துப் பத்திரம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். டைப்பிஸ்ட் பெரிய மனது பண்ணி எல்லைகளை மட்டும் விட்டுக்கொடுத்தார். மற்றதெல்லாம் அவர் கைக்குப் பழகியபடியே வந்தது. இங்கிலீஷில்தான் அடித்தார், ஆனால் நம் பத்திரங்களில் வருமே, அதே பாஷை. மேற்படி டேட்டாபேஸானது கடந்த எட்டு வருட காலமாக மேற்படி ஸ்டெல்லாவின் சுவாதீனத்திலும் அனுபோகத்திலும், எவ்வித வில்லங்கமும் இன்றி, இடைவிடாமல் இருந்து வந்தது. அதில் வேறு எவருக்கும் எவ்விதப் பாத்தியதையும் கிடையாது.

"இது கொஞ்சம் அதிகமா இல்லைங்களா?" என்று கேட்டேன்.

"இப்டிப் போட்டாதாம்மா ஸ்ட்ராங்கு. நாளைக்கி ஒருத்தன் கேள்வி கேக்க முடியாது."

நோட்டரி சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்துக்கு இரண்டாவது ஷிப்டு. திருத்த நேரமில்லை, அப்படியே கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். உண்மையைச் சொன்னால், பலமுறை படித்தபோது எனக்கும் அது ஸ்ட்ராங்காகத்தான் பட்டது. வானகரம் தாண்டும்வரை பஸ்ஸில் கவரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். எட்டு வருடத்தில் அந்த டேட்டாபேஸையும் என்னையும் ஒரே வாக்கியத்தில் யாரோ எழுதியது அதுதான் முதல் தடவை.

5

ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வர நாளாயிற்று. வந்தது பதில் இல்லை, கேள்வி. விண்ணப்பதாரர் தன் முதலாளியின் தரவுகள் முழுவதற்கும் தனி உரிமை கொண்டாடுவதாகத் தெரிகிறது. இதைப் பற்றி முதலாளியின் எழுத்து மூலமான விளக்கம் தேவை. அது வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதோடு, ஒரு டேட்டாபேஸுக்கு வில்லங்கம் இல்லை என்றால் என்ன பொருள் என்றும் கேட்டிருந்தார்கள்.

டேனியல் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "திருடின்னு சொல்றாங்களா?" என்றார். அந்த மாதம் சமையல் கேஸுக்கே என் தம்பியிடம் கைநீட்டியிருந்தோம். வேலையும் போயிற்று, வெளிநாடும் போகப்போகிறது, நானே கொடுத்த காகிதத்தால். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பிரீத்தி பார்த்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேறு வழியில்லை. கேட் பாஸ் வாங்கிக்கொண்டு, நான் பத்து வருடம் நுழைந்த கேட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தேன். வரதன் சார் முதலில் கேள்விக் கடிதத்தைப் படித்தார். பிறகு ஏகாம்பரத்தின் பிரமாணப் பத்திரத்தைப் படித்தார். முகம் சிவந்து போயிற்று.

"சுவாதீனமா? அனுபோகமா? என்னம்மா, கம்பெனி டேட்டாவுக்குப் பட்டா வாங்கிட்டியா? எம்.டி. பார்த்தார்னா என் கதி என்ன?"

கம்பெனியின் சட்ட ஆலோசகர் அன்று ஏதோ கேஸ் விஷயமாக வந்திருந்தார். அவரை ஓடிப்போய்க் கூட்டி வந்தார். வக்கீல் நிதானமாகப் படித்துவிட்டு, உடனே மறுப்புக் கடிதம் போக வேண்டும் என்றார்.

"உரிமை இல்லைன்னு ஒரு வரி எழுதினா பத்தாதா சார்?"

"பத்தாது. அந்த அம்மா என்னென்ன செஞ்சாங்க, ஒண்ணு விடாம எழுதுங்க. எழுதிட்டு, இதெல்லாம் கம்பெனிக்காகச் செஞ்ச வேலை, சொந்தப் பாத்தியதை கிடையாதுன்னு முடிங்க. ஏதாவது விட்டுப்போச்சுன்னா அது வழியா உள்ள வருவாங்க."

மதிப்பீட்டு அமைப்பு கேட்டதும் இதே பட்டியல்தான். வரதன் சார் என் பக்கம் திரும்பினார். யூனியன், கிரேடு, பென்ஷன் எதுவும் அவர் நினைவில் இல்லை. பெரிய பயம் வந்ததும் சின்னப் பயம் ஓடிப்போயிருந்தது. புது டைப்பிஸ்ட் அன்று லீவு.

"உனக்குத்தான் டைப்பிங் தெரியுமே ஸ்டெல்லா, நீயே உட்காரு" என்றார்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குள் போனேன். ஏகாம்பரம் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வரதன் சார் பக்கத்தில் நின்றுகொண்டு, "சொல்லு, வேற என்ன செஞ்சே, வேற என்ன செஞ்சே" என்று கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே அடித்தேன். டேட்டாபேஸை வடிவமைத்தது, நிறுவியது, பாஸ்வேர்டு அதிகாரம் கொடுத்தது, நகல் எடுத்தது, விழுந்தபோதெல்லாம் மீட்டது, வேகம் குறைந்தபோது சரி செய்தது. இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் வக்கீல் சொன்னபடி: இவை அனைத்தையும் அவர் ஊழியர் என்ற முறையிலேயே செய்தார், மேற்படி டேட்டாபேஸில் அவருக்கு எந்த உரிமையும் இல்லை, இருந்ததும் இல்லை.

அந்த வரியை அடித்துவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நான் என்ன செய்தேன் என்று அந்தக் கம்பெனி ஒரே ஒரு தடவைதான் எழுதியது. அது எனக்குச் சொந்தமில்லை என்று சொல்வதற்காக எழுதியது. சந்தோஷத்தில் சிரிக்கவும் முடியவில்லை, வயிற்றெரிச்சலில் திட்டவும் முடியவில்லை.

பிரிண்ட் கொடுக்கப் போனேன். வரதன் சார், "இரு, கடைசியில அதையும் போட்டுடு" என்றார்.

"எதை சார்?"

"அதான்மா. குணமும் நடத்தையும் நன்று. வாழ்த்துகள்."

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. "மறுப்புக் கடிதத்துல அது எதுக்குங்க?"

"பத்து வருஷம் இருந்திருக்கு சார் இந்தப் பொண்ணு" என்றார் வரதன் சார். "வெறுங்கையோடவா அனுப்பறது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் விளையாடவில்லை. அவரைப் பொறுத்தவரை, பேனாவைத் திறந்து ஒருத்தருக்கு அவர் தரக்கூடியது அந்த ஒரு வரிதான். பஸ் ஸ்டாப்பில் நான் கசக்கி எறியப் பார்த்த அதே வரி. அடித்தேன். கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது. "அது கெடக்குது மேடம், ஃபைல்ல ஒரு காயிதம்" என்றார். அதற்கு நான் இன்றுவரை ஈடு செய்யவில்லை.

சில வாரங்களில் மதிப்பீடு வந்தது. டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், தகுதி உண்டு.

6

இங்கே பிரீத்தி தூங்கப் போவதற்கு முன் அலமாரியிலிருந்து அந்த மறுப்புக் கடிதத்தின் நகலை எடுத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹெலனுக்கான கடிதத்தை எழுதினேன். வேலைகள் ஏறக்குறைய அதேதான், கம்ப்யூட்டர்கள்தான் வேறு. உரிமை இல்லை என்ற பகுதியை விட்டேன். மற்றதெல்லாம் ஓடி வந்தது.

கடைசி வரியிடம் வந்தபோது அழித்தேன். பிரீத்தி சிரித்தது சரிதான், நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? அழித்த பிறகு கடிதம் மொட்டையாகத் தெரிந்தது. டேனியல் ஷிப்டு முடிந்து வந்து, கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் எண்ணெய் வாசனையோடு நின்று படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா முடியாத மாதிரி இருக்கே" என்றார். எரிச்சலோடு திரும்பவும் சேர்த்தேன்.

காலையில் ஹெலன் வேகமாகப் படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்றார்.

"உன் நடத்தையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா?"

"இல்லை."

"அப்படியானால் இது எதற்கு? படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமே. எடுத்துவிடலாமா?"

வெறுங்கையோடவா அனுப்பறது என்று வரதன் சார் கேட்டதை மனதுக்குள் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். வார்த்தைகள் வந்தன, அவர் சொன்னது வரவில்லை.

"இருக்கட்டும், ப்ளீஸ்" என்றேன்.

ஹெலன் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.